தெருக்கோடி ஜன்னல்

“மாப்பிள்ளை, தப்பா நினைச்சுக்காதீங்க. ஹீட்டரை அணைச்சுடறேன். கரன்ட்டை மிச்சம் பிடிக்கணும்.”

சொன்ன கையோடு மாமனார் ஹீட்டரை அணைத்தார். வெந்நீர் கெய்சரை அணைத்தார். கடைசியில் விளக்கையும் அணைத்துவிட்டு, மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி நடுவில் வைத்தார். மாமியார் ஆளுக்கொரு கம்பளியை நீட்டினார்.

கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக விருந்துக்கு வந்தவனுக்குப் பற்கள் தந்தியடித்தன.

“உங்கப்பா இவ்ளோ கஞ்சம்னு நீ சொல்லவே இல்லையே?” என்று மனைவியின் காதைக் கடித்தான்.

“நான் இங்க இருந்தவரைக்கும் இப்படி இல்லீங்க,” என்றாள் அவள், முகம் சுருங்கி.

“கொஞ்சம் நடந்துட்டு வரேன்.” வெளியே குளிர் இதைவிட மோசமாகவா இருந்துவிடப் போகிறது?

வாசலில் இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

தெரு முழுக்க இருட்டு. வீட்டுக்கு வீடு ஜன்னலில் மெழுகுவர்த்தி வெளிச்சம் மட்டும் அசைந்தது. தலைக்கு மேலே வானம் கொள்ளாத நட்சத்திரங்கள். இத்தனையும் எங்கே ஒளிந்திருந்தன?

தெருக்கோடி வீட்டு ஜன்னலில் மட்டும் மின்விளக்கு எரிந்தது. அதை நோக்கி நடந்தான். அந்த வீட்டு வாசலில் ஓர் இளம்பெண் கொடியிலிருந்து குழந்தைத் துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, தெருவுல கரன்ட் இல்லையா?”

“இருக்கே!” என்று சிரித்தாள். “இங்க எல்லாரும் சீக்கிரம் அடங்கிடுவாங்க. நாங்க குளிர் ஆரம்பிச்சப்போதான் குடி வந்தோம். வந்த புதுசுல இருட்டினாலே கரன்ட் போயிடும். டிரான்ஸ்ஃபார்மர் தாங்கலையாம். உள்ள எங்க பாப்பாவுக்கு மூச்சு மெஷின் ஓடுது. பேட்டரி கொஞ்ச நேரம்தான் வரும். உயிரைக் கையில பிடிச்சுட்டு உக்காந்திருப்பேன்.”

“இப்போ?”

“என்ன மாயமோ தெரியல, ஒரு நிமிஷம்கூடப் போறதில்ல. ரொம்ப ராசியான தெருங்க!”

உள்ளிருந்து மெஷினின் சத்தம் சீராக வந்தது. அவன் அந்த இருட்டின் ஊடே மெல்ல நடந்து வீடு திரும்பினான்.

மாமனார் பதறி எழுந்தார்.

“கோடி வீடு வரைக்குமா போனீங்க? நாங்க எல்லாரும் எதுக்கு அணைக்கறோம்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடலையே மாப்பிள்ளை? தெரிஞ்சா சங்கடப்பட்டு வீட்டைக் காலி பண்ணிடும்.”