ஆணியில் தொங்கிய பேட்ஜ்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும், எனக்கு மிச்சமிருக்கும் நாலு பல்லும் உதிர்ந்து போகட்டும்.

அணுமின் நிலையத்து ஃபிட்டரைப் பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டார். மேஜை மேல் ஃபிட்டரின் பேட்ஜ் கிடந்தது. சட்டையில் குத்திக்கொண்டால், உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டதென்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

“எல்லார் பேட்ஜும் பூஜ்யம். உன்னோடது மட்டும் எகிறி நிக்குது. எங்கேய்யா போனே?”

“எங்கேயும் போகலை சார். வீடு விட்டா வேலை, வேலை விட்டா வீடு.”

“அப்போ இங்கேதான் எங்கேயோ கசியுது. இடத்தைக் காட்டு. இல்லேன்னா நாளையிலேருந்து வராதே.”

உலையை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டு, அதிகாரி ஈய அங்கியை மாட்டிக்கொண்டார். கருவியும் கையுமாகக் குழாய் குழாயாகத் தேடினார்கள். கழிப்பறையைக்கூட விடவில்லை. ஒன்றும் சிக்கவில்லை.

வேலை போன முகத்தோடு ஃபிட்டர் வீடு திரும்பினால், அங்கே மனைவி அவனைவிட உர்ரென்று உட்கார்ந்திருந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்.

“நாள் பூரா எக்ஸ்ரே ரூம்லதான் நிக்கிறேன். என் பேட்ஜ் பூஜ்யம் காட்டுதாம். வேலையே செய்யாம சம்பளம் வாங்கறேன்னு டாக்டர் திட்டறாருங்க.”

ஃபிட்டர் வாசலோர ஆணியைப் பார்த்தான். இருவரும் பேட்ஜை மாட்டுவது அதில்தான். காலை அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்துக் குத்திக்கொண்டு ஓடுவார்கள்.

மறுநாள் விஷயத்தைக் கேட்ட அதிகாரி பெருமூச்சு விட்டார். அங்கியைக் கழற்றிவிட்டு, உலையை மறுபடி ஓட்டச் சொன்னார்.

அந்த நிலையத்தில் உலையை இன்னும் கட்டி முடிக்கவில்லை.