பம்ப் அறைக் கதவு

மச்சானின் நெஞ்சில் கைவைத்து ஒரே தள்ளு. அவன் விழுந்து எழுவதற்குள் சீஃப் இரும்புக் கதவைச் சாத்திப் பிடிகளை ஒவ்வொன்றாக இறுக்கிவிட்டார். கடைசிப் பிடியில் ஒரு குழாயையும் குறுக்கே செருகினார். இனி அந்தப் பக்கமிருந்து அவன் தலைகீழாக நின்றாலும் கதவு திறக்காது.

“மாமா! திறங்க மாமா!”

ரோந்துக் கப்பல் பாறையில் உரசியதில் பம்ப் அறையின் அடித்தகடு கிழிந்திருந்தது. இயந்திரப் பிரிவுக்குத் தலைவரான சீஃபும், அதே பிரிவில் வேலை பார்க்கும் அவர் மனைவியின் தம்பியும் மரக்கட்டை, மெத்தை, கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து அடைத்துப் பார்த்தார்கள். கடல் அத்தனையையும் துப்பிவிட்டது.

அந்த அறைக்கு இந்தக் கதவு ஒன்றுதான் வழி. மூடினால் கப்பல் பிழைக்கும். மூடாவிட்டால் கப்பலில் இருக்கிற முப்பது சொச்சம் பேரும் போய்ச் சேர வேண்டியதுதான்.

கதவோரச் சுவரில் இன்டர்காம் இருந்தது. சீஃப் டூல்பாக்ஸைக் காலால் இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுகொண்டார். ஆள் கொஞ்சம் குள்ளம். கப்பலில் எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் ‘முக்கால் சீஃப்’ என்றுதான் சொல்வார்கள்.

மேலேயிருந்து கேப்டன் கேட்டார். “கதவு மூடியாச்சா சீஃப்?”

“மூடியாச்சு சார். ஒரு சொட்டு கசியாது.”

“ரெண்டு பேரும் வெளியே வந்துட்டீங்கள்ல?”

“ஒரு ஆள் உள்ளே சார்.”

யார் என்று கேப்டன் கேட்பதற்குள் சீஃப் இன்டர்காம் பொத்தானைக் கதவின் மறுபக்கத்துக்கு மாற்றிவிட்டார். மச்சானின் குரல் காதைப் பிளந்தது.

“ஒரே ஒரு நிமிஷம் மாமா! திறந்துட்டு உடனே மூடிடலாம்!”

“தண்ணி தள்ளுற தள்ளுல, திறந்தா திரும்ப மூட முடியாதுடா. உனக்கே தெரியும்.”

“ஒரு உசுரு மாமா!”

“மிச்சம் முப்பது இருக்கு.”

ஒரு சொட்டு கசியாது என்று அவர் சொன்னது வாய்ச்சவடால் அல்ல. கப்பல் கட்டும் தளத்திலேயே கிடந்து, ஒவ்வொரு கதவையும் நின்று பார்த்து வாங்கியவர் அவர். கதவு விளிம்பில் சாக்பீஸ் தடவி மூடித் திறப்பார். ரப்பரில் வெள்ளைக்கோடு எங்காவது அறுந்திருந்தால் மறுபடி முதலிலிருந்து வேலை. “கதவு மாட்டுறோமா, பொண்ணு பாக்குறோமா?” என்று வெல்டர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அவர் விட்டுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். இந்தக் கதவின் மேல்மூலைப் பிடி நெட்டையான பையன்களின் மண்டையைப் பதம் பார்த்துக்கொண்டே இருந்தது. பாவம் பார்த்து, ஒரு பக்கத்தில் மட்டும் அதை அறுத்துவிடச் சொன்னார். அன்றிலிருந்து அந்தக் கதவை ஒரு பக்கம் நின்றுதான் முழுதாக இறுக்க முடியும். அந்தப் பக்கத்தில்தான் இப்போது அவர் நின்றிருந்தார்.

மச்சான் கதவை அறைந்துகொண்டே இருந்தான்.

“அடிக்காதடா. கை போயிடும்.”

“என் கை போனா என்ன இப்போ? அக்கா மூஞ்சிய ஒரு தடவை நினைச்சுப் பாருங்க மாமா!”

“அதைத்தான்டா நினைச்சுக்கிட்டு இருக்கேன்.”

உண்மையில் வேறெதையும் அவரால் நினைக்க முடியவில்லை. அம்மா போன பிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அவனைக் கடற்படையில் சேர்க்கவே கூடாது என்று ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தாள். “நான் இருக்கேன்ல, அவனுக்கு என்ன ஆயிடப் போகுது?” என்று சொல்லித்தான் அவளைச் சமாதானப்படுத்தினார். இந்தச் செய்தியோடு ஒருவர் போய் அவள் முன்னால் நிற்க வேண்டும்.

“நீங்க மனுஷனா மாமா? கல்நெஞ்சு உங்களுக்கு! கடைசியா கேக்குறேன், அந்தக் குழாயை எடுங்க!”

சீஃப் குழாயைப் பார்த்தார். கை தானாக அதன்மேல் போனது. எடுத்துவிடலாம், ஒரு நொடி வேலை. முப்பது வீடுகள் எழவு வீடாகும். கையை இழுத்துக்கொண்டார்.

“மாட்டேன்டா.”

அவ்வளவுதான். அதற்குமேல் யாரும் செய்வதற்கு ஒன்றுமில்லை, செய்ய முடியும் என்று இருவருமே இப்போது நம்பவில்லை. கதவின் மேல் விழுந்த அடி மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. இன்டர்காமில் விசும்பல் மட்டும் கேட்டது. சின்ன வயதில் அக்காவின் பின்னால் ஒளிந்துகொண்டு அழுத அதே அழுகை.

“மாமா... அக்கா... அக்கா கேட்டா...”

அவனால் முடிக்க முடியவில்லை. சீஃப் இன்டர்காமில் வாயை வைத்துக்கொண்டார். குரல் உடையாமல் பார்த்துக்கொண்டார்.

“கதவை உள்ளேயிருந்து மாமாவேதான் மூடிக்கிட்டார்னு சொல்லிடு.”