நெறஞ்சிருக்கு

"ராமசெல்வி வேற மண்டிக்குத் தாவிட்டா! இனிமே அவ எர்ணாவூர்க் கடைக்கு நம்ம வண்டி போகக் கூடாது!"

ஞானதுரை போட்ட சத்தத்தில் கல்மண்டபத்து அரிசி மண்டியே கப்சிப்.

மகள் மகிமா போனை நீட்டினாள். அவள் புதிதாகக் கொண்டுவந்த ஆப்தான். கடைக்காரர்கள் காலையில் கையிருப்பைத் தங்கள் போனில் பேசினால் போதும். அதுவே எழுதிக்கொண்டு, எந்தக் கடைக்குச் சரக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிடும். முன்பெல்லாம் ஞானதுரைதான் கடை கடையாகப் போன் போட்டுத் தொண்டை வறளக் கேட்பார்.

"பாருங்கப்பா. ரெண்டு வாரமா அந்தக் கடையில அரிசி நெறைய இருக்குன்னுதான் வருது."

"நாம ஒரு மூட்டைகூட அனுப்பல. பிறகு எப்படிட்டி நெறைய இருக்கும்? வானத்துலருந்து கொட்டுச்சா?"

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். யாரிடம் வாங்குகிறாள் என்று தெரியாவிட்டால் அவருக்கு மண்டையே வெடித்துவிடும் போலிருந்தது. கடை திறந்த நாளிலிருந்து வேறு ஆளிடம் வாங்காதவள். அவளையே வளைத்துப் போட்டவன் லேசுப்பட்டவனா?

மகளின் ஸ்கூட்டரில் ஏறிக் கிளம்பிவிட்டார்.

"வாங்க அண்ணாச்சி! பாப்பாவும் வந்திருக்கா!" ராமசெல்விக்கு முகமெல்லாம் சிரிப்பு.

நடிப்பைப் பாரேன் என்று நினைத்துக்கொண்டே கடையை நோட்டம் விட்டார். புது மண்டி மூட்டை எதுவும் கண்ணில் படவில்லை. எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள்?

அந்த நேரம் பார்த்து வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தி பையோடு வந்தாள். "அக்கா, புழுங்கலரிசி கீதா?"

"நெறஞ்சிருக்கும்மா."

"சர்தான்க்கா, வந்ததும் ஒரு கொரலு குடு." அவள் பாட்டுக்குப் போய்விட்டாள்.

இதென்ன கூத்து! இருக்கு என்கிறாள், விற்கவும் மாட்டேன் என்கிறாள். ஞானதுரைக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய் அரிசி டிரம்மின் மூடியைத் தூக்கினார்.

உள்ளே அளக்கிற படி மட்டும்தான் கிடந்தது.

"என்னம்மா இது, ஒரு மணி அரிசிகூட இல்ல..."

"அய்யய்யோ அண்ணாச்சி! வெளக்கேத்துன கடையில நின்னுக்கிட்டு அந்த வார்த்தையச் சொல்லாதீங்க. அரிசியப் போயி வாயால இல்லேன்னு சொல்லலாமா? அதான் போன்லயும் தெனம் நெறஞ்சிருக்கு, நெறஞ்சிருக்குன்னு சொல்லுதேன்."

மகிமா வாயைப் பொத்திக்கொண்டாள். அரிசியும் உப்பும் தீர்ந்துபோனால் நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும் என்பது ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த அவளுக்கு எங்கே தெரியும்? அவள் கொண்டுவந்த ஆப்புக்குத்தான் எங்கே தெரியும்?

ஆனால் தெற்கே நாசரேத்திலிருந்து வந்த ஞானதுரைக்கு நன்றாகவே தெரியும். இத்தனை வருஷமும் போனில் அவள் அப்படிச் சொல்லக் கேட்டுத்தான் மூட்டை ஏற்றி அனுப்பினார். எழுத்தில் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. கோபத்தில் காதும் அடைத்துக்கொண்டது, நேரில் கேட்டும் உறைக்கவில்லை. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"சாயங்காலத்துக்குள்ள சரக்கு வந்துரும்மா. அது சரி... வேற மண்டிக்காரன் எவனும் வரலியா?"

"வராம? ஒருத்தரு வண்டியோடயே வந்து நின்னாரு. எங்க அண்ணாச்சி அனுப்புவாருன்னு சொல்லிட்டேன்."

"அட கிறுக்கி! ரெண்டு வாரமா ஏவாரத்தக் கெடுத்துக்கிட்டு உக்காந்திருக்கியே. ஏன் அனுப்பலேன்னு எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்லா?"

ராமசெல்வி டிரம்மின் மூடியை எடுத்து மூடினாள்.

"உங்க மண்டியிலயும் நெறஞ்சிருச்சோ என்னமோன்னு நெனச்சேன் அண்ணாச்சி. நான் பாட்டுக்குப் போன் போட்டு, உங்க வாயால 'இல்லை'ன்னு சொல்ல வச்சிரக் கூடாதுல்லா?"