ஐந்நூறு மேற்கோள்கள்

"வேணாம் தம்பி, விட்டுரு." நீட்டிய கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள் சண்முகத்தாய்.

சிவபாண்டி ஊசியோடு அப்படியே நின்றான். சில வருஷங்களுக்கு முன்னால் இதே வீட்டில், தம்பியின் ஆராய்ச்சிக்கு முதல் ஆளாக ரத்தம் கொடுத்தவள் இந்த அக்காதான். ஊரில் மற்ற பெண்களை வீடு வீடாகப் போய் அழைத்துவந்து உட்கார வைத்தவளும் அவள்தான்.

"ஊசிக்குப் பயமாக்கா?"

"வயசாகுதுல்ல."

மல்லாங்கிணற்றுக்குத் தெற்கே உள்ள அந்தக் கிராமத்தில் அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே வெக்கை தாங்கவில்லை என்று கேஸ் அடுப்பைக்கூட முற்றத்துத் தகரக் கூரைக்குக் கீழே மாற்றியிருந்தாள் அக்கா. தகரத்துக்கு அடியில் அப்படி என்ன குளிர்ச்சியோ, அவளுக்கே வெளிச்சம்.

சிவபாண்டி மதுரையில் மூலக்கூறு உயிரியல் பேராசிரியர். எத்தனையோ கட்டுரைகள் எழுதியிருந்தாலும் அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நூறு பெண்களின் ரத்தத்தை, விவசாயம் பார்க்கும் தன் ஊர்ப் பெண்கள் நூறு பேரின் ரத்தத்தோடு ஒப்பிட்டு எழுதியது.

இரண்டு பக்கமும் மரபணுவில் முறிவுகள் இருந்தன, அதுவும் ஒரே அளவில். அப்படியானால் முறிவுக்குக் காரணம் இரண்டு ஊருக்கும் பொதுவான வெயிலும் பூச்சிமருந்தும்தான், வெடிமருந்தால் கேடில்லை என்று எழுதிவிட்டான். உலகம் முழுக்க ஐந்நூறு கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டிவிட்டன. ஊரெல்லாம் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கும், அவன் எழுந்ததும் அந்த எண்ணிக்கையைத்தான் பார்ப்பான்.

இப்போது அதுவே வினையாக வந்திருந்தது. பட்டாசு வேலை பார்த்த பெண்களில் சிலர் நோயில் விழுந்து, வைத்தியச் செலவைக் கம்பெனிகள் ஏற்க வேண்டும் என்று மனுக் கொடுத்திருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் பதிலுக்கு நீட்டியது அவன் கட்டுரையைத்தான். அடுத்த வாரம் சூலக்கரை கலெக்டர் ஆபீசில் விசாரணை. கட்டுரை சரிதான் என்று சொல்ல அவனையே வரச் சொல்லியிருந்தார்கள்.

அந்தப் பெண்களில் ஒருத்தியான சொர்ணலட்சுமி போனில் கேட்ட கேள்வி அவன் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. "சார், எங்க வேலையால ஒடம்புக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டீகளாமே. பெறகு ஏன் சார் எனக்கு மாசாமாசம் ரத்தம் ஏத்துறாக?"

விசாரணைக்குள் இரண்டு ஊர் ரத்தத்தையும் இன்னொரு தடவை சோதித்துப் பார்த்துவிடுவது என்று கிளம்பி வந்திருந்தான். வந்த இடத்தில் கூடப்பிறந்தவளே கையை மடக்கிக்கொண்டாள்.

அப்போதுதான் அக்காவைச் சரியாகப் பார்த்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். பேச்சுக்கு நடுவே இருமிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, எதுவும் சீக்க மறைக்கிறியா?" அம்மா போன பிறகு அவனுக்கென்று இருப்பது இவள் ஒருத்திதான்.

"அதெல்லாம் இல்ல." வாசலை எட்டிப் பார்த்தாள். கணவர் ராக்கப்பன் டீக்கடைக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. "ஒங் கட்டுரைய எம்புட்டுப் பேரு எடுத்துச் சொல்லிருக்காகன்ன?"

"ஐநூறு பேரு."

"அது தப்புன்னு ஆயிருச்சுன்னா ஒம் பேரு கெட்டுப்போயிருமா?"

"எப்படிக்கா தப்பாகும்? நம்மூரு ரத்தத்த வச்சில்ல அளந்தேன். வெடிமருந்து வாடையே படாத ரத்தம்." சொல்லும்போதே குரலில் பழைய மிடுக்கு வந்துவிட்டது. பிறகு அதுவும் இறங்கியது. "ஆனா அந்தச் சொர்ணலட்சுமிக்கு ஒன் வயசுதான்க்கா. நான் போயி மருந்தால கேடில்லைன்னு சொல்லிட்டா, அவளுக்கு வைத்தியத்துக்கு வேற நாதியில்ல. எம் பேரு கெட்டாலும் பரவால்ல, எனக்கு நெசம் தெரியணும்."

சண்முகத்தாய்க்குக் கண் கலங்கியிருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"மொதல்ல ரத்தம் எடுத்த அன்னைக்கு நீ என்ன வேலை பாக்குறீகன்னு கேட்டப்ப, ஒங்க மச்சான் பக்கத்துல நின்னாக. எங்க வீட்டுப் பொம்பளைக காட்டு வேலையத் தவிர எதையும் தொட மாட்டாகன்னு அவுகளே முந்திக்கிட்டுச் சொல்லிட்டாக. வந்த பொம்பளைக அம்புட்டுப் பேரும் அதையே சொன்னாளுக."

"சரி, அதுக்கென்ன இப்ப?"

"வெவசாயம் பாக்குற சம்சாரி வீட்டுக் கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல. வெளிய தெரிஞ்சா போலீசு வேற." மறுபடி இருமினாள். சிவபாண்டி தண்ணீர் எடுக்க எழுந்தான். அவள் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நாங்க நூறு பேரும் அப்பவே வீட்டுக்குள்ள வெடித்திரிக்கு மருந்து தடவிக்கிட்டுத்தான் இருந்தோம், தம்பி."