தடுக்கிய விசிறி

கடையின் விளம்பரத் திரையில் ஒரு விசிறி ஓயாமல் சுற்றுவதற்காக, ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பத் திரும்ப ஓடும் படங்கள் வரைந்திருந்தார்கள். முடிவும் தொடக்கமும் சேரும் ஒட்டு தெரியக் கூடாதே என்று கடைசிப் படம் அச்சு அசலாக முதல் படத்தைப் போலவே நின்றது.

“அண்ணே, இம்மி வித்தியாசம் இருக்கா பாருங்க,” என்றது முதல் படத்திடம் பெருமையாக.

ஓடவிட்டார்கள். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் விசிறி தடுக்கியது.

“ஒண்ணைத் தூக்கணும்,” என்றார் வரைந்தவர்.

“எவனோ சரியில்லை. நான் இன்னும் ஒட்டி நிக்கட்டுமா?” என்றது கடைசிப் படம்.

ஒரே படம் அடுத்தடுத்து இரண்டு முறை வருவதுதான் காரணம் என்று முதல் படத்துக்குத் தெரியும். சொல்ல மனம் வரவில்லை. “நீ நல்லாத்தான் நிக்கிறே, தம்பி,” என்றது.

கடைசிப் படத்தை நீக்கினார்கள். விசிறி தடங்கலின்றிச் சுற்றியது.

இப்போது கடைசியாகிவிட்ட படம் தன் இறக்கையை நிமிர்த்தப் பார்த்தது. “அண்ணே, நானும் உங்களை மாதிரியே...”

“வேண்டாம்டா,” என்றது முதல் படம் அவசரமாக. “நீ கோணலாவே நில்லு.”