தூளிக்கு எட்டாத சத்தம்

ஹாலில் ஐந்து பேர் இருந்தோம். பால்கனிக் கதவை ஒட்டித் தரையில், மேல்வீட்டு ஜெரூஷா. டைனிங் நாற்காலியில், நடுவர் என்ற முறையில், அசோசியேஷன் செயலாளர் அச்சுதன். சோபாவின் ஓரத்தில் என் மகள் ஆஷா. எழுதுமேஜையில் நான். நடுவில், கொக்கியில் தொங்கிய தூளியில், ஆஷாவின் மூன்று மாதக் குழந்தை.

தீர்ப்புச் சொல்ல வேண்டியது குழந்தைதான்.

ஜெரூஷா குட்டி விமான மாடல்கள் செய்பவள். காட்டாங்குளத்தூரில் கல்லூரி லேப் வேலையை முடித்து வந்ததும் பெயிண்ட் அடிக்க உட்காருவாள். உட்கார்ந்த மறுநிமிடம், பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷுக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸர் எங்கள் தலைக்கு மேல் தடதடக்கும். பாப்பா வீறிட்டுக்கொண்டு எழுவாள்.

பயிற்சி விமானம் செம்பாக்கம் ஏரிக்கு மேல் எவ்வளவு தாழப் பறந்தாலும் அசராத குழந்தை. அந்தக் கம்ப்ரஸர் மட்டும் ஆகாது.

மூன்று புகார்க் கடிதங்கள் எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று நாசரேத் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு கம்ப்ரஸருக்குத் தடை வந்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாடல் கண்காட்சி. அவளுடைய விமானமோ இன்னும் பெயிண்ட் காணாத வெறும் பிளாஸ்டிக். சத்தமில்லாமல் அடித்துக் காட்ட ஒரே ஒரு வாய்ப்புக் கேட்டாள். பாப்பா விழித்துக்கொண்டால் இந்தக் கட்டிடத்தில் இனி ஏர்பிரஷையே தொடுவதில்லை என்று அச்சுதனிடம் வாக்குக் கொடுத்தாள்.

சோதனை எங்கள் வீட்டில், தூளிக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டும் என்பது நான் போட்ட நிபந்தனை.

லிஃப்ட் திறந்தது. வாட்ச்மேன் மாரி ஒரு கார் டயரை உருட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னா சார், வூட்டுக்குள்ள பஞ்சர் கடை போடப் போறீங்களா?"

"மெதுவாண்ணா, பாப்பா தூங்குது," என்று ஜெரூஷா கையமர்த்தினாள்.

அது ஜெரூஷாவுடைய காரின் ஸ்டெப்னி. கம்ப்ரஸருக்குப் பதிலாக அதில் அடைத்திருக்கும் காற்று. வால்விலிருந்து ஒரு ரப்பர் குழாய். குழாயின் நுனியில் எந்த ஏர்பிரஷை மாட்டுவது என்பதுதான் கேள்வி. நண்பர்களிடம் கேட்டு வாங்கிய மூன்று, அவளுடைய விமானத்துக்குப் பக்கத்தில் செய்தித்தாளின் மேல் வரிசையாக இருந்தன.

முதலாவது துப்பாக்கி போல இருந்தது. விசையை அழுத்தினாள். சர்ரென்று ஒரு சீறல். தூளித் துணிக்குள் ஒரு குட்டிக் கால் உதைத்தது. அவள் சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

கால் அடங்கும்வரை யாரும் மூச்சு விடவில்லை.

இரண்டாவதில் பெயிண்ட் பாட்டில் அடியில் தொங்கியது. சத்தம் குறைவுதான். ஆனால் டயரின் காற்றுக்குப் பெயிண்டை மேலே இழுக்கத் தெம்பில்லை. காகிதத்தில் சொட்டுச் சொட்டாகத் துப்பியது.

"கொசு மருந்து அடிக்கிற மாதிரி இருக்கேம்மா," என்று அச்சுதன் கிசுகிசுத்தார்.

மாரி டயரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பாதிக் காற்று போயிருந்தது.

மூன்றாவது ஒரு பேனா அளவுதான். தலையில், நிமிர்த்தி வைத்த ஜிமிக்கிக் குடை மாதிரி ஒரு கிண்ணம். பெயிண்ட் தன் கனத்திலேயே கீழே இறங்கும். காற்றுக்கு அதிக வேலையில்லை. அதை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. காற்று தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகத்தான் நினைத்தேன்.

பிறகு காகிதத்தைப் பார்த்தேன்.

ஒரு நீலக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. என் பேனாக் கோட்டைவிட மெலிதாக. அது வளைந்தது, சுழித்தது, எழுத்தானது. பேசக் கூடாது என்பதால் எழுதிக் காட்டுகிறாள்.

'பாப்பா தூங்குது சார்.'

புள்ளிகளைக்கூட விடவில்லை. கோடு இழுப்பதையாவது நம்பலாம். காற்றைக் கொண்டு ஒரு புள்ளியைப் பிசிறில்லாமல் வைக்க முடியுமா? மூன்று புள்ளிகள். மூன்றும் கடுகு போல உருண்டையாக அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தன. இத்தனை வருஷம் கடிதம் எழுதிய என் கை அப்படி ஒரு புள்ளி வைத்ததில்லை.

"சபாஷ்!"

தூளி குலுங்கியது. பாப்பா போட்ட கூச்சல் ஏரிக்கரைவரை கேட்டிருக்கும்.

ஜெரூஷா ஏர்பிரஷைக் கீழே வைத்தாள். அவள் முகம் செத்துவிட்டது. அச்சுதன் தூளியைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், கடைசியில் திரும்பி என்னைப் பார்த்தார்.

ஆஷா தூளியை ஆட்டியபடியே கேட்டாள். "சொல்லுங்கப்பா, இப்ப யார் மேல லெட்டர் போடப் போறீங்க?"

நியாயமான கேள்வி. மேஜைப் பக்கம் திரும்பி வெள்ளைத்தாளை எடுத்தேன்.

அனுப்புநர்: பா. வேதசிரோமணி. பெறுநர்: செயலாளர் அவர்கள். பொருள்: சத்தம் குறித்த புகார்.

'ஐயா, இன்று எங்கள் குழந்தையை எழுப்பிய சத்தம் ஏர்பிரஷிலிருந்து வந்ததல்ல. இதே வீட்டில் வசிக்கும் வேதசிரோமணி என்பவர் போட்டது. ஏர்பிரஷுக்கு எந்தத் தடையும் வேண்டாம். மேற்படி நபர்மீது தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

கையெழுத்திட்டு, தேதி போட்டு, நான்காக மடித்து உறையில் வைத்தேன்.

பசை தடவி முடிப்பதற்குள் பாப்பா மறுபடி தூங்கியிருந்தாள். அச்சுதன் தலையசைத்துவிட்டார் போல, பால்கனிக் கதவருகே விமானத்தின் ஒரு இறக்கை நீலமாகிவிட்டது. நடுவர் நாற்காலியை விட்டு இறங்கி, டயருக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

உறையை அழுத்தி ஒட்டினேன். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த அச்சுதனிடம் சேர்ப்பிக்கும்படி, முறைப்படி, மாரியிடம் கொடுத்தனுப்பினேன்.