ஆரஞ்சு வயர்

ஓரெஸ்ட் அந்த ஆரஞ்சு வயரை வெட்டியபோது சட்டென்று ஒரு பொறி பறந்தது.

"அப்படிப் போடு. நம்ம கரண்ட்டுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அவனுடைய வீட்டின் அடிப்பக்கத்தை மூடியிருக்கும் தகட்டின் இடுக்கிலிருந்து வெளியே வந்து, பனிக்குள் புதைந்து, நேராகப் பக்கத்து ஆம்புரோஸ் வீட்டைப் பார்த்துப் போகிற வயர். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆம்புரோஸ் ஊரில் இல்லை. வடக்கே சுரங்கத்தில் இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் வீடு. ஓரெஸ்ட் இன்னொரு வெட்டு வெட்டி, ஒரு சாண் துண்டை எடுத்து, ஆம்புரோஸ் வீட்டுக் கதவுப் பிடியில் தொங்கவிட்டான். கூடவே ஓர் அட்டை. அதில் கொட்டை எழுத்தில் ஒரே வார்த்தை: திருடன்.

அது ஞாயிறு மதியம். அன்றிரவு சஸ்காட்சுவான் மாகாணத்துக் குளிர் மைனஸ் முப்பத்தெட்டுக்கு இறங்கியது.

திங்கள் காலை சமையலறைக் குழாய் ஒருமுறை இருமிவிட்டு நின்றது.

"ஓரெஸ்ட், இங்க கொஞ்சம் வா" என்றாள் மனைவி ஸ்டெஃபா.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் மூன்று வருடம். படுக்கையறையில் டயாலிசிஸ் மெஷின். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட வேண்டும். அது ஓடக் குழாய்த் தண்ணீர் விடாமல் வர வேண்டும். சனிக்கிழமை புயலில் மின்சாரம் போய் ஒருமுறை ஏற்கெனவே தவறிவிட்டது; அடுத்த முறை இன்று. நீர் கோத்து வீங்கிய கணுக்காலில் காலுறை பதிந்த தடம் இன்னும் மறையவில்லை. மருத்துவமனை மூன்று மணி நேரத் தூரம். அங்கே போகும் தெற்குச் சாலையையும் பனிக்காற்றுக்காக மூடியிருந்தார்கள்.

"பாத்ரூம்ல வருதா?"

"இல்ல."

"வெந்நீர்க் குழாயில?"

"சொட்டுகூட இல்ல."

எதிர்வீட்டுக்குப் போன் செய்தான். அங்கே வந்துகொண்டிருந்தது. அப்படியானால் ஊர்க் குழாயில் கோளாறில்லை. இவன் வீட்டில்தான் எங்கோ உறைந்திருக்கிறது. பிளம்பர் புதன்கிழமைக்கு முன் வர வழியில்லை என்றான். அவனுக்காக இருபது வீடு காத்திருந்தது.

ஓரெஸ்ட் தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்து, பாத்திரத் தொட்டிக்குக் கீழே குனிந்து, குழாய்க்கு ஒரு மணி நேரம் சூடு காட்டினான்.

"காஞ்சதும் அப்படியே சடை பின்னி விட்டுடு" என்றாள் ஸ்டெஃபா.

அவன் சிரிக்கவில்லை.

அவள் பனியை அள்ளி அடுப்பில் உருக்கினாள். ஒரு வாளிப் பனிக்கு ஒரு செம்புத் தண்ணீர் கிடைத்தது. டீக்குப் போதும்.

"ஆம்புரோஸுக்கு ஒரு போன் போடேன்."

"அவனுக்கு எதுக்கு?"

"போன பிப்ரவரியில நீ லாரி ஓட்டப் போயிருந்தப்ப இதே மாதிரி நின்னுச்சு. அவர்தான் வீட்டுக்கு அடியில பூந்து சரி பண்ணார்."

"அடியில பூந்து என்ன பண்ணான்னு எனக்குத் தெரியும்."

"என்ன பண்ணார்?"

"ஒண்ணுமில்ல விடு."

"அவர் நாய் குரைக்குதுன்னு நீ ஊர் ஆபீஸ்ல புகார் எழுதிக் குடுத்தே. பாவம், வளர்த்த நாயை யாருக்கோ குடுத்துட்டு நின்னார். அதுக்கப்புறமும் நம்ம வீட்டுக்கு வந்தார்."

"வந்தான்ல? ஏன் வந்தான்னு என்னிக்காவது யோசிச்சியா?"

ஸ்டெஃபா டீத் தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். பேசினால் மூச்சு வாங்கியது.

மூன்று மணிக்கு அவள் நாற்காலியிலிருந்து எழ முயன்று, முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

"இன்னிக்கும் தவறிடுச்சுன்னா?" என்றான் ஓரெஸ்ட்.

"தெரிஞ்சுகிட்டே கேக்காதே."

அவன் கைவிளக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனான். தகட்டைக் கழற்றி, வயிற்றால் ஊர்ந்து வீட்டுக்கு அடியில் நுழைந்தான். இடுப்பு வலிக்குப் பயந்து இதைத்தான் காலையிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான்.

மண்ணிலிருந்து குழாய் மேலேறும் இடத்தில், அதன்மேல் சூடேற்றும் நாடா சுற்றியிருந்தது. கரண்ட் இருந்தால் நாடா சூடாகும். நாடா சூடாக இருந்தால் குழாய் உறையாது. தொட்டுப் பார்த்தான். இரும்பாய்க் குளிர்ந்து கிடந்தது.

பிளக் கழன்றிருக்கும் என்று பக்கத்திலிருந்த பிளக் பாயின்ட்டைப் பார்த்தான். அது கருகி, உருகி, வாய் கோணியிருந்தது. நேற்று இன்று கருகியதல்ல. மேலே சிலந்தி வலை கட்டியிருந்தது. அதில் எதுவும் செருகப்படவில்லை.

நாடாவின் முனை வேறு பக்கம் போயிருந்தது. விரலால் தடவிக்கொண்டே போனான். ஈரம் இறங்காதபடி கறுப்பு டேப் வைத்து இறுக்கிச் சுற்றி, அதை ஓர் ஆரஞ்சு வயரோடு சேர்த்திருந்தது. ஆரஞ்சு வயர் தகட்டின் இடுக்குவரை போய் அங்கே முடிந்தது. வெட்டுப்பட்ட செம்புக் கம்பி விளக்கொளியில் பளபளத்தது.

கரண்ட் இங்கிருந்து அங்கே போகவில்லை. அங்கிருந்து இங்கே வந்துகொண்டிருந்தது.

தெருவில் சுரங்கத்துப் பேருந்து நின்று, கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

தலைக்கு மேலே பலகைக்கு அந்தப்புறமிருந்து ஸ்டெஃபாவின் குரல் வந்தது. "ஓரெஸ்ட்... ஆம்புரோஸ் வந்துட்டார் போல. கூப்பிடட்டுமா?"

ஓரெஸ்ட் கைவிளக்கை அணைத்தான். பின்புறமாகவே ஊர்ந்து வெளியே வந்தான்.

ஆம்புரோஸ் தோள்பையைக்கூட இறக்காமல் தன் வாசலில் நின்றிருந்தான். ஒரு கையில் அட்டை, மறு கையில் வயர்த் துண்டு. அட்டையைப் படித்தான். பனியில் மண்டியிட்டிருந்த ஓரெஸ்ட்டைப் பார்த்தான். பிறகு வயர்த் துண்டைப் பார்த்தான்.

"தண்ணி நின்னு எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்றான்.